ஒரே ஐரிஸ் கொத்து, இரண்டு பின்னணி: பின்-இம்ப்ரெஷனிச முறையில் செடி வரைய முழு வழிகாட்டி

1890 மே மாதம், தென் பிரான்ஸின் சான்-ரெமி மனநலக் காப்பகத்தை விட்டுக் கிளம்பச் சில நாட்களே இருந்தபோது, வின்சென்ட் வான்கோ ஜாடியில் வைத்த ஐரிஸ் பூக்களை இரண்டு கேன்வாஸில் வரைந்தார். ஒன்றுக்கு இளஞ்சிவப்புப் பின்னணி, மற்றதற்கு பளீரென்ற எலுமிச்சை மஞ்சள். முதல் படத்தில் பச்சையும் இளஞ்சிவப்பும் வைலட்டும் சேர்ந்து மென்மையாக இசைகின்றன என்று தம்பி தியோவுக்கு எழுதினார். இரண்டாவதில் வைலட்டும் மஞ்சளும் ஒன்றோடொன்று மோதி, அந்த மோதலாலேயே இரண்டும் எடுப்பாகின்றன என்றார். ஒரே வகைப் பூ, ஒரே ஓவியர், ஒரே மாதம். பெரிதாக மாறியது பின்னணிதான். அதனால் பூவின் நிறமும் படத்தின் வெளிச்சமும் அடியோடு மாறிவிட்டன.

செடிகொடிகளை பின்-இம்ப்ரெஷனிச முறையில் வரையக் கற்பவர்களுக்கு இந்த ஜோடியைவிட நல்ல பாடம் கிடையாது. இந்த வழிகாட்டியும் அதையே செய்யச் சொல்கிறது: ஒரே பூக்கொத்தை இரண்டு சிறிய கேன்வாஸில், இரண்டு பின்னணியில் வரையுங்கள். ஒரு படம் மட்டும் வரைந்தால் நிறம் ஏன் அப்படித் தெரிகிறது என்பது பிடிபடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புரியும்.

இம்ப்ரெஷனிஸ்டுகள் அந்த நேரத்து வெளிச்சம் இலைமேல் எப்படி விழுந்ததோ அதைப் பிடிக்கப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த வான்கோ, கோகன், செசான், செரா ஆகியோர் வெளிச்சத்தை நிறங்களுக்கு இடையிலான உறவாக மாற்றினார்கள். 'பின்-இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1910இல் லண்டன் கிராஃப்டன் கேலரியில் கண்காட்சி நடத்திய கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை வைத்த பெயர் அது.

இணையப் படத்தை நம்பி ஆரம்பிக்காதீர்கள்

இன்று இந்த இரண்டு படங்களையும் தேடிப் பார்த்தால் வேறு நிறங்கள்தான் தெரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தின் பின்னணி ஏறக்குறைய வெள்ளை. அதுதான் அந்த இளஞ்சிவப்பு. ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கும் மஞ்சள் பின்னணிப் படத்தில் பூக்கள் நீலம். அவைதான் அந்த வைலட் பூக்கள். இரண்டிலும் போனது சிவப்பு. வான்கோ பயன்படுத்திய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு, இயோசின் என்ற செயற்கைச் சாயத்திலிருந்து செய்தது. வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். வைலட்டிலிருந்து சிவப்பு போனால் மிஞ்சுவது நீலம்; இளஞ்சிவப்பிலிருந்து போனால் மிஞ்சுவது வெள்ளை. அதே மாதம் வரைந்த ரோஜாப் படங்கள் இரண்டுக்கும் இதே கதிதான். இன்று வெள்ளை ரோஜா என்று நாம் பார்ப்பவை இளஞ்சிவப்பு ரோஜாக்கள்.

இந்தச் சாயங்கள் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. 1888 ஏப்ரலில் தென் பிரான்ஸின் ஆர்ல் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில், இம்ப்ரெஷனிசம் பிரபலமாக்கிய நிறங்கள் எல்லாம் நிலையற்றவை, அதனாலேயே அவற்றைக் கூச்சமின்றி அழுத்தமாகப் போடலாம், காலம் எப்படியும் தணித்துவிடும் என்கிறார். ஆகவே மாதிரி பார்த்து வரைபவர் இன்றைய நீலத்தை நகல் எடுத்தால், காலம் தின்ற மிச்சத்தைத்தான் நகல் எடுக்கிறார். கடிதத்தில் சொன்ன நிறத்தைப் பின்பற்றுங்கள்: வைலட், ஒரு பக்கம் கார்மைன் சிவப்பு வரைக்கும், மறுபக்கம் சுத்தப் பிரஷ்யன் நீலம் வரைக்கும் போகும் வைலட்.

பூவும் சாமான்களும்

ஐரிஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆகாயத்தாமரை அருமையான மாற்று. வைலட் இதழ், நடுவே மஞ்சள் பொட்டு, பளபளக்கும் பச்சை இலை என்று இந்தப் பயிற்சிக்குத் தேவையானது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பறித்த பூ சீக்கிரம் வாடிவிடும். காலையில் பறித்து, பூவை முதலில் முடித்துவிட்டு இலைக்குப் போங்கள். டிசம்பர் பூவும் ஆகும்; பூ சிறியது என்பதால் கொத்தாக வையுங்கள்.

கேன்வாஸ் 30 × 40 செ.மீ. அளவில் இரண்டு. வான்கோ இந்தப் படங்களுக்கு எடுத்தது சுமார் 92 × 73 செ.மீ., அப்போதைய கடைக் கணக்கில் '30ஆம் எண்'. அந்த அளவு பயிற்சிக்கு வேண்டாம், பெயிண்ட் செலவு தாங்காது. கணக்கைப் பாருங்கள்: 30 × 40 செ.மீ. பரப்பில் சராசரி அரை மி.மீ. தடிமனாகப் பூசினாலே 60 மி.லி. ஆகும், இரண்டு கேன்வாஸுக்கு 120. கடைகளில் கிடைக்கும் 9 மி.லி. டியூப் பெட்டியை நம்பி இறங்குபவர்கள் பாதியில் பெயிண்டைத் தேய்த்துத் தேய்த்துப் பூச ஆரம்பிப்பார்கள். பிறகு அது வான்கோ முறையாக இருக்காது, சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கும்.

ஆயில் பெயிண்டில் வாங்க வேண்டியவை:

- டைட்டானியம் வெள்ளை, 120 மி.லி.
- லெமன் மஞ்சள், 40 மி.லி. காட்மியம் லெமன் அல்லது ஹன்ஸா மஞ்சள், எதுவானாலும் சரி.
- காட்மியம் மஞ்சள், ஆரஞ்சு சாயல் உள்ளது, 20 மி.லி.
- குவினாக்ரிடோன் ரோஸ், 20 மி.லி. டியூப்பில் நிறமிக் குறியீடு பி.வி. 19 என்று இருக்க வேண்டும்.
- அல்ட்ராமரீன் நீலம், 20 மி.லி.
- பிரஷ்யன் நீலம், 9 மி.லி. போதும்.
- விரிடியன் பச்சை, 20 மி.லி. விலை அதிகம் என்றால் தாலோ பச்சை வாங்கலாம். ஆனால் கீழே சொல்லும் அளவில் கால்பங்குதான் எடுக்க வேண்டும், அதன் வீரியம் அப்படி.

கறுப்பு வாங்க வேண்டாம். பிரவுனும் வேண்டாம். குரோம் மஞ்சள், எமரால்டு பச்சை போன்ற அந்தக் காலத்து நிறமிகளைத் தேடி அலையவும் வேண்டாம். முதலாவது ஈயம், இரண்டாவது ஆர்சனிக். போதாக்குறைக்கு குரோம் மஞ்சளில் சில வகைகள் வெளிச்சத்தில் பழுப்பேறும்; வான்கோவின் சூரியகாந்திப் படங்களை ஆய்ந்தவர்களுக்கு இன்றும் அது தலைவலி.

பன்றி மயிர் தட்டை பிரஷ் நான்கு: இரண்டு 1 செ.மீ. அகலம், இரண்டு அதில் பாதி. கோட்டுக்கு மெல்லிய உருண்டை பிரஷ் ஒன்று. நான்கு ஏன் என்றால் ஒன்று மஞ்சளுக்கு, ஒன்று பச்சைக்கு, ஒன்று வைலட்டுக்கு, ஒன்று பின்னணிக்கு. ஒரே பிரஷ்ஷை நடுநடுவே துடைத்துப் பயன்படுத்துவேன் என்று நினைப்பதுதான் படம் சகதியாவதற்கு முதல் காரணம். மயிரின் அடியில் ஒளிந்திருக்கும் மஞ்சள், வைலட்டில் கலந்தால் சாம்பல்தான் வரும். பேலட் கத்தி ஒன்று, டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம், நிறையப் பழந்துணி. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

அக்ரிலிக்கில் செய்பவர்கள் கெட்டியான வகையை வாங்குங்கள். காய்ந்தால் ஒரு சாயல் இருண்டுவிடும் என்பதால் எல்லாக் கலவையையும் கொஞ்சம் வெளிறலாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரிகைக்கு முன் நூல்

வான்கோ வைத்திருந்த சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. உள்ளே பல நிறக் கம்பளி நூல் உருண்டைகள். இரண்டு மூன்று நிற இழைகளைச் சேர்த்துச் சுற்றி, எந்த நிறம் எதன் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்கு அவை. பெயிண்டை வீணாக்காமல் நிற உறவைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இன்றும் இல்லை.

இதற்குப் பின்னால் இருப்பது மிஷேல் ஷெவ்ரோலின் விதி. அவர் பாரிஸ் கோப்லாங் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவின் தலைவர். நெசவில் கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தபோது, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். 1839இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம்: ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன்மேல் ஏற்றுகிறது. மஞ்சள் தன் பக்கத்தில் உள்ளதை வைலட்டை நோக்கித் தள்ளும். சிவப்பு பச்சையை நோக்கித் தள்ளும். ஆரஞ்சு நீலத்தை நோக்கித் தள்ளும்.

கடையில் எம்ப்ராய்டரி நூல் ஐந்து நிறம் வாங்குங்கள்: எலுமிச்சை மஞ்சள், வெளிர் ரோஸ், வைலட், அடர் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை. 5 செ.மீ. அகல அட்டைத் துண்டு ஒன்றில் மஞ்சளை நெருக்கமாகச் சுற்றி, நடுவில் நான்கு இழை வைலட் சுற்றுங்கள். இன்னொன்றில் ரோஸ் சுற்றி அதே வைலட்டை நான்கு இழை. கையெட்டும் தூரத்தில் இரண்டையும் பிடித்துப் பாருங்கள். மஞ்சளில் இருக்கும் வைலட் ஊதாவாகத் துடிக்கும், ரோஸில் இருப்பது நீலம் கலந்து தணிந்து தெரியும். நூல் ஒன்றுதான். இந்த இரு அட்டைகளையும் வரையும்போது கேன்வாஸ் தாங்கியின் (easel) ஓரத்தில் குத்திவையுங்கள், பலமுறை தேவைப்படும்.

வெளிச்சத்தை வைப்பது

ஜன்னலுக்குப் பக்கவாட்டில், நேர் வெயில் விழாத இடத்தில் ஜாடியை வையுங்கள். நேர் வெயில் விழுந்தால் சுவரில் கனத்த நிழல் வரும், கண் அதையே வரையச் சொல்லும். இந்தப் படங்களிலோ ஆர்லின் சூரியகாந்திகளிலோ பின்னணியில் விழும் நிழலை வைத்து வெளிச்சம் காட்டப்படவில்லை. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளில் அவர் கண்ட பழக்கம் அது: தட்டையான பின்னணி, தெளிவான விளிம்பு, நிழலின்மை. பளிச்சென்ற உணர்வு முழுக்க நிறத்தின் பொறுப்பு.

இரவில் விளக்கில் வரைவதானால் மஞ்சள் வெளிச்ச பல்பு கூடவே கூடாது. அந்த வெளிச்சத்தில் லெமன் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. போதவில்லை என்று மஞ்சளை மேலும் மேலும் சேர்ப்பீர்கள். மறுநாள் பகலில் பார்த்தால் கண்ணைக் கூசும். 5000 கெல்வின் அளவுள்ள, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் நிறக் குறியீட்டு எண் (CRI) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்கை வாங்கி, அதே வெளிச்சம் செடிமேலும் கேன்வாஸ்மேலும் விழும்படி வையுங்கள்.

கோடு

பிரஷ்யன் நீலத்தில் ரோஸ் ஒரு துளி சேர்த்து டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் நேரே கேன்வாஸில் வரையுங்கள். பென்சில் வேண்டாம், கரித்தூள் மஞ்சளில் கலந்து அழுக்குப் பச்சையாகும். இலைகளை வாள் வாளாக, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே மடிகிறது என்று தெரியும்படி போடுங்கள். கொத்து கேன்வாஸின் பாதிக்குமேல் நிறைய வேண்டும். ஒன்றிரண்டு இலை நுனிகள் விளிம்பைத் தொட்டால் நல்லது, பின்னணி துண்டு துண்டாகப் பிரிந்து தானும் ஒரு வடிவமாகும். இரண்டு கேன்வாஸிலும் ஒரே அமைப்பு, டிரேசிங் தாளில் எடுத்து மாற்றினாலும் தப்பில்லை. அரை மணி நேரம் காயவிடுங்கள்.

பச்சையை நான்காகப் பிரியுங்கள்

செடி வரைபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இலை பச்சை என்று மூளை சொல்லும், கை ஒரு பச்சையைக் கலக்கும், வெளிச்சத்துக்கு வெள்ளையும் நிழலுக்குக் கறுப்பும் சேர்க்கும். பிளாஸ்டிக் இலை தயார்.

உண்மையான இலையில் நான்கு தனித்தனி நிகழ்வுகள் நடக்கின்றன. மேற்பரப்பின் பளபளப்பு வானத்தை, அல்லது ஜன்னலைப் பிரதிபலிக்கிறது. அது பச்சையே அல்ல, நீலம் கலந்த வெள்ளை. வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து ஊடுருவி வரும் இடத்தில் நிறம் சூடான மஞ்சள் பச்சை, ஏனென்றால் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கி மீதியை விடுகிறது. மூன்றாவது இலையின் சொந்த நிறம். நான்காவது நிழல். ஓர் இலையைக் கையில் எடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள், பிறகு ஜன்னல் வெளிச்சம் மேலே படும்படி திருப்புங்கள். முதல் நிலையில் எலுமிச்சைத் தோல், இரண்டாம் நிலையில் ஈயம் பூசிய பாத்திரம். இரண்டும் அதே இலை.

கலவைகள், பேலட் கத்தியால் தனித்தனிக் குவியலாக (எண்கள் பங்குகள்):

- பளபளப்பு: வெள்ளை 6, விரிடியன் 1, அல்ட்ராமரீன் அரை.
- ஊடுருவும் வெளிச்சம்: லெமன் மஞ்சள் 5, விரிடியன் 1. வெள்ளை சேர்க்கவே கூடாது. சேர்த்தால் சூடு போய்ச் சுண்ணாம்பாகும்.
- சொந்த நிறம்: விரிடியன் 3, காட்மியம் மஞ்சள் 1, வெள்ளை 1.
- நிழல்: விரிடியன் 2, குவினாக்ரிடோன் ரோஸ் 1, வேண்டுமானால் பிரஷ்யன் நீலம் கத்தி நுனி அளவு. எதிர் நிறங்கள் ஒன்றையொன்று விழுங்கி, கறுப்பைவிட உயிருள்ள ஓர் இருளைத் தரும்.

இப்போது பின்னணி நுழைகிறது. மஞ்சள் கேன்வாஸில் மஞ்சள் பச்சையைத் தாராளமாகப் போட்டால் இலை பின்னணியில் கரைந்துபோகும். அங்கே இலைக் கூட்டத்தை நீலப் பச்சைப் பக்கம் இழுங்கள்: சொந்த நிறக் கலவையில் காட்மியம் மஞ்சளைப் பாதியாக்கி அல்ட்ராமரீன் அரைப் பங்கு சேருங்கள். ஊடுருவும் வெளிச்சம் இரண்டு மூன்று இலையில் மட்டும் போதும். ரோஸ் கேன்வாஸில் நிலைமை தலைகீழ். ரோஸ் தானாகவே பச்சையைத் தூக்கிக் காட்டும், நீங்கள் கூச்சல் போட வேண்டியதில்லை. மஞ்சள் பச்சையைத் தாராளமாகப் போடலாம், நிழலை ஒரு படி வெளிறச் செய்யலாம்.

பூசும்போது பிரஷ் இலை வளரும் திசையில், அடியிலிருந்து நுனிக்குப் போக வேண்டும். பெயிண்டில் எண்ணெயோ டர்பன்டைனோ கலக்காதீர்கள். மிகவும் இறுகியிருந்தால் நெல்லிக்காய் அளவு பெயிண்டுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. ஒரு இழுப்பு, பிறகு பிரஷ்ஷைத் துணியில் துடைத்துப் புதிதாக எடுங்கள். முதலில் நிழல், அதன் பக்கத்தில் சொந்த நிறம், கடைசியாகப் பளபளப்பு. ஒன்றன்மேல் ஒன்று பூசி இழைக்காதீர்கள், அருகருகே வையுங்கள். ஓர் இலைக்கு ஐந்தாறு இழுப்புக்குமேல் போனால் தேய்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வைலட் இதழ்

வைலட்டைக் காட்மியம் சிவப்பும் நீலமும் கலந்து செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பழுப்புதான் வரும். காட்மியம் சிவப்பில் மஞ்சள் சாய்வு உள்ளது, அது நீலத்தைக் கெடுக்கிறது. ரோஸ் நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதனால்தான் பட்டியலில் அது மட்டும். அல்ட்ராமரீன் 2, ரோஸ் 1, இது அடிப்படை வைலட். நேரே பூசினால் கறுப்பாகத் தெரியும், அதில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை சேர்த்தால்தான் நிறம் வாய் திறக்கும்.

இதிலிருந்து மூன்று கிளை. வெளிச்சம் படும் இதழுக்கு வெள்ளை 4, அடிப்படை 1, ரோஸ் ஒரு துளி. மடிப்புக்கும் ஆழத்துக்கும் பிரஷ்யன் நீலம் 1, ரோஸ் 1. இதழின் விளிம்பில் சில இடங்களில் வெள்ளை கலந்த ரோஸ் மட்டும், அதுதான் கார்மைன் தெறிப்பு. நடுப்பொட்டுக்கு காட்மியம் மஞ்சள், ஒரே தொடுகை. வைலட்டுக்கு எதிர் நிறம் பூவுக்குள்ளேயே இருப்பது ஐரிஸ் நமக்குத் தரும் வரம், அதைத் தொட்ட பிறகு தேய்க்காதீர்கள்.

ரோஸ் கேன்வாஸுக்கு இதே கலவையை எடுத்தால் பூக்கள் எதிர்பார்த்ததைவிட நீலமாகத் தெரியும், நூல் அட்டையில் பார்த்தது போலவே. அங்கே ரோஸை ஒன்றரை மடங்காக்குங்கள். மஞ்சள் கேன்வாஸில் நேர்மாறாக நீலத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் மஞ்சள் அதை வைலட்டாக இழுத்துவிடும்.

பின்னணி கடைசியில், ஆனால் அரைமனதாக அல்ல

பூவும் இலையும் ஈரமாக இருக்கும்போதே பின்னணியைப் பூசுங்கள். முன்பே பூசிவைத்தால் அதன்மேல் வரும் பச்சை கலங்கும். மஞ்சளுக்கு லெமன் 4, வெள்ளை 1, காட்மியம் மஞ்சள் கால். அதிலேயே இன்னொரு குவியல், வெள்ளை கூடியது. ரோஸுக்கு வெள்ளை 15, ரோஸ் 1 என்று தொடங்கி, நூலோடு ஒப்பிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் குவியலில் லெமன் ஒரு துளி. இரு பின்னணியிலும் இந்த இரு சாயலையும் மாறி மாறி வையுங்கள். ஒரே சாயலில் பூசிய பின்னணி அட்டை ஒட்டிய மாதிரி செத்துக் கிடக்கும்.

1 செ.மீ. பிரஷ்ஷில் பெயிண்டை அள்ளி, 3 செ.மீ. நீளத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைவதுபோல் வையுங்கள். இலையின் ஓரத்துக்கு வரும்போது இழுப்பை விளிம்போடு சேர்த்து ஓட்டி, இலையின் வடிவத்தைப் பின்னணியால் வெட்டி எடுங்கள். பெயிண்டின் மேடுகள் உண்மையான வெளிச்சத்தைப் பிடித்து மின்னும், சாய்வான வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தால் தெரியும்.

விளிம்புக் கோடு தேவையான இடத்தில் மட்டும் கடைசியாக: பிரஷ்யன் நீலம், ரோஸ் சிறிது. மஞ்சள் கேன்வாஸில் கோடு அடர்த்தியாக இருக்கலாம். ரோஸ் கேன்வாஸில் அதை உடைத்து உடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மென்மை போய்விடும்.

எங்கே கெடும், ஏன்

படம் முடிந்ததும் போனில் கறுப்பு-வெள்ளையாக ஒரு புகைப்படம் எடுங்கள். மஞ்சள் கேன்வாஸில் பின்னணி மிக வெளிர், பூக்கள் மிக இருள் என்று இருக்க வேண்டும். லெமன் மஞ்சள் இயல்பிலேயே வெளிறிய நிறம், வைலட் இயல்பிலேயே இருண்டது. நிற மோதலோடு வெளிச்ச வித்தியாசமும் சேர்வதால்தான் அந்தப் படம் கண்ணில் அடிக்கிறது. பூக்களுக்கு வெள்ளை அதிகம் சேர்த்தவர்களின் புகைப்படத்தில் எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கும், நேரில் பார்த்தால் சோகையாக இருக்கும். ரோஸ் கேன்வாஸிலோ வெளிச்சம் படும் இதழ்கள் பின்னணியின் சாம்பலுக்குப் பக்கத்தில் வர வேண்டும், அதுதான் மென்மை.

பச்சையும் ரோஸும் புகைப்படத்தில் ஒரே சாம்பலாகி, நேரில் எல்லை நடுங்குவது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். சம வெளிச்சமுள்ள எதிர் நிறங்கள் அப்படித்தான் துடிக்கும். ஒன்றிரண்டு இடத்தில் அழகு. படம் முழுக்க இருந்தால் கண் வலிக்கும், சில இலைகளை ஒரு படி இருளாக்குங்கள்.

கலங்கிய இடத்தை மேலும் பூசிச் சரிசெய்ய முடியாது. கத்தியால் வழித்து, துணியால் துடைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி தொடங்குங்கள். இன்னொரு பிழை, எல்லா நிறத்தையும் உச்சத்தில் வைப்பது. படத்தில் எங்காவது விரிடியனும் ரோஸும் சேர்ந்த அந்த மங்கல் இருந்தால்தான் மற்றது பளிச்சிடும். ஜாடியையும் மேசையையும் அதற்கு ஒதுக்குங்கள்.

மற்றவர்களின் வழி

புள்ளி வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செராவின் வழியில் மஞ்சளையும் நீலத்தையும் புள்ளியாக வைத்தால் தூரத்தில் பளிச்சென்ற பச்சை வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது, மஞ்சள், நீலப் புள்ளிகள் கண்ணில் கலந்தால் கிடைப்பது சாம்பல் சாயல்தான். தவிர, கண் பிரித்தறியும் எல்லைப்படி 3 மி.மீ. புள்ளிகள் முழுதாகக் கலக்க ஏறக்குறைய 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அறைக்குள் அது நடக்காது. கலக்கும், கலக்காது என்ற இடைப்பட்ட தூரத்து மினுமினுப்புதான் அந்த முறையின் லாபம். புல்லுக்குப் பச்சையையே அடியில் பூசி, அதன்மேல் ஆரஞ்சு, மஞ்சள், நீலப் புள்ளிகளைச் சிதறவிடுங்கள். 'லா கிராண்ட் ஜாத்' படத்தின் புல்வெளியில் அவர் வைத்த வெயில் புள்ளிகள் துத்தநாக மஞ்சளால் ஆனவை. அவை பழுப்பேறி, இன்று சிகாகோவில் பார்ப்பவருக்குப் புல் கொஞ்சம் வாடினாற்போல் தெரிகிறது.

செசானின் மரங்களுக்கு இணையான சாய்வு இழுப்புகள். இலையை இலையாக வரையாமல் சூடான பச்சைக்குப் பக்கத்தில் குளிர்ந்த பச்சை, அதற்குப் பக்கத்தில் நீலம் என்று திருப்பிக்கொண்டே போக வேண்டும். நீர்வண்ணத்தில் அவர் தாளின் வெள்ளையையே வெளிச்சமாக விட்டுவிடுவார். பொறுமை உள்ளவர்களுக்கான வழி.

நேரெதிர் வழி கோகனுடையது. 1888 அக்டோபரில் பிரான்ஸின் போந்தவென் ஊருக்கு அருகே ஒரு காட்டில் போல் செருசியே என்ற இளைஞருக்கு அவர் சொல்லிக்கொடுத்தார்: அந்த மரங்கள் எப்படித் தெரிகின்றன? மஞ்சளாகவா? மஞ்சளை வை. நிழல் நீலமாகவா? சுத்த அல்ட்ராமரீனை வை. அப்படி வரைந்த 27 × 21.5 செ.மீ. மரப்பலகைதான் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள 'தாயத்து'. கலவையே இல்லாமல் ஏழெட்டுத் தட்டை நிறங்களில் ஒரு தோட்டத்தை முடிப்பது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.

காயவைப்பதும் நிறம் நிற்பதும்

தடிமனான ஆயில் பெயிண்ட் மேலே தோல் கட்டினாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் நாளாகும். சுவரில் அணைத்து மாட்டாமல் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். இருட்டு அலமாரியில் பூட்டினால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சள் பூக்கும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு.

நீங்கள் வாங்கிய ரோஸ் உண்மையில் நிற்கும் ரோஸ்தானா என்று தெரிந்துகொள்ள, படம் வரையும் அன்றே ஒரு சோதனைப் பட்டை செய்யுங்கள். பிரைமர் பூசிய கேன்வாஸ் துண்டில் ரோஸ், அதன் 15:1 வெள்ளைக் கலவை, வைலட், லெமன் மஞ்சள், நான்கு பச்சைகள் ஆகியவற்றை 2 செ.மீ. அகலக் கோடுகளாகப் பூசி, காய்ந்த பின் நீளவாட்டில் பாதியை அலுமினியத் தாளால் மூடி ஒட்டுங்கள். வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் விடுங்கள். முதலில் போவது பெரும்பாலும் வெள்ளை அதிகம் கலந்த சிவப்புதான், அந்தக் கோட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையே எல்லைக் கோடு தெரிந்தால் அந்த டியூப்பை மாற்றுங்கள். பட்டையின் பின்புறம் டியூப்பின் பெயரும் நிறமிக் குறியீடும் தேதியும் எழுதிவையுங்கள்.